வெப்சைட் பூட்டுப்பட்டால் பாஸ்வேர்டைக் கொண்டுபோய்க் கடையில குடுக்காதேங்கோ

வைகாசியில கிளிநொச்சியில கொம்பியூட்டர் திருத்திற கடை ஒண்டுக்கு 12,000 ரூபா குடுத்தனான். அந்த வேலையை எங்கட வீட்டு முத்தத்தில நிண்டு என்ர மனுசன்ர போனால சும்மா செய்திருக்கலாம்.

நாங்கள் முல்லைத்தீவுப் பக்கம், முள்ளியவளை. வெளிநாட்டில இருக்கிற பிள்ளையள் வேர்ட்பிரஸ் எண்ட மென்பொருளில ஓடுற எங்கட தளத்தில காசு கட்டுவினம். இங்க இருக்கிற அம்மா அப்பாவுக்கு அரிசி, ஒடியல் மா, காட்டுத்தேன் எண்டு கொண்டுபோய்க் குடுப்பம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிட்டினால் ஓடர் கூடும். அந்த நேரம் பாத்துத்தான் லொகின் பூட்டுப்பட்டது.

பிழை என்னிலதான். பாஸ்வேர்டை மாறி மாறி அடிச்சிட்டு, பெயர்தான் பிழையோ எண்டு ‘அட்மின்’ எண்டும் அடிச்சுப் பாத்தன். களவாப் புகுற புரோகிராமுகள் முதல் அடிச்சுப் பாக்கிறது அந்தப் பெயரைத்தானாம். இல்லாத பெயரை அடிச்சால் அந்த ஐபியை, அதாவது அந்த இணைப்பின்ர இன்டர்நெட் இலக்கத்தை, உடன தடுக்கிற மாதிரிப் பாதுகாப்புப் பிளகினில (தளத்தோட சேர்க்கிற சின்னப் புரோகிராமில) போட்டிருந்திருக்கு. சனத்துக்குத் தளம் வழமைபோலத் தெரிஞ்சது. தேன் முடிஞ்சுபோச்சு, ஆனால் ‘முடிஞ்சுது’ எண்டு போட ஏலாது. தேனுக்கு ஓடர் வந்துகொண்டே இருந்தது.

ஒட்டுசுட்டான், மாங்குளம் சுத்தி பஸ்ஸில போனன். கடைத் தம்பி பெயரையும் பாஸ்வேர்டையும் வாங்கி, திரையைத் தன்ர பக்கம் திருப்பிப் பாத்திட்டு, “அக்கா, சைட் ஹக் ஆகீட்டுது. சேர்வரையே கிளீன் பண்ண வேணும், பதினெட்டு முடியும்” எண்டார். பன்னிரண்டைக் குடுத்தன், மிச்சம் பிறகு எண்டு. ரெண்டு நாளில “சரி அக்கா” எண்டு மெசேஜ் வந்தது. உண்மையா உள்ள போகக்கூடியதா இருந்தது. கும்பிடாத குறையா நன்றி சொன்னன், விசரி.

ரெண்டு கிழமை கழிச்சு, மாதம் 3,500 பாதுகாப்புக் கட்டணமாம். ஏலாது எண்டன். மூண்டாம் நாள் லொகின் பக்கத்தையே காணேல்லை. பாஸ்வேர்ட் மறந்துபோச்சு எண்டு போடுவம் எண்டால், போட அந்தப் பக்கம் இருந்தால்தானே!

வவுனியாவில கம்பசில படிக்கிற அண்ணையின்ர மகனுக்கு அடிச்சன். “மாமி, சிபேனல் பாஸ்வேர்டும் குடுத்தனீங்களோ?” எண்டுதான் முதல் கேட்டான். சிபேனல் எண்டது தளம் கிடக்கிற சேர்வரை நடத்திற இடம். நல்ல காலம், அந்தப் பாஸ்வேர்ட் மனுசன்ர டயரியில கிடந்தது, ஒருத்தருக்கும் குடுக்கேல்லை.

பிறகு போனிலேயே சொல்லித்தந்தான். சிபேனலில ஃபைல் மனேஜர், பப்ளிக் எச்டிஎம்எல், அதுக்குள்ள டபிள்யூபி கொன்டென்ட், அதுக்குள்ள பிளகின்ஸ். பாதுகாப்புப் பிளகினின்ர போல்டரை அழிக்க வேண்டாம், பெயருக்குப் பின்னால ஒரு எழுத்தைச் சேர் எண்டான். வேர்ட்பிரஸ் அந்தப் போல்டரைத் தேடிக் காணாட்டில் பிளகினை நிப்பாட்டிப்போடும். சேத்தன். பழைய லொகின் பக்கம் வந்திட்டுது. கடைக்காரர் பிளகினுக்குள்ள போய் லொகின் முகவரியை மாத்தி வைச்சிருக்கிறார், வேறொண்டுமில்லை. சில பிளகின் எச்டிஅக்செஸ், யூசர் ஐஎன்ஐ எண்ட சேர்வர் அமைப்பு ஃபைலுகளுக்குள்ளயும் வரி எழுதி வைக்குமாம், பெயர் மாத்தியும் தளம் குழம்பினால் அங்க பாக்கவேணுமாம். எங்களுக்கு அந்தக் கரைச்சல் வரேல்லை.

பாஸ்வேர்ட் ஏற்கேல்லை, ஈமெயிலையும் மாத்தி வைச்சிருந்தபடியால் பாஸ்வேர்ட் மாத்திற லிங்க்கும் எனக்கு வரேல்லை. தளத்தின்ர தரவுகளைத் திருத்திற பிஎச்பி மைஅட்மினுக்குள்ள யூசர்ஸ் டேபிளில என்ர வரியைத் திறந்து, பாஸ்வேர்டைக் குறியாக்கிற எம்டி5 எண்டதைத் தெரிவு செய்து புதுப் பாஸ்வேர்ட் போட்டம். உள்ள போனால் அட்மின் ரெண்டு பேர்! என்ர பெயரில ஒரு எழுத்து மட்டும் வித்தியாசம். அதை அழிச்சு, தளத்தின்ர அமைப்புகள் எழுதியிருக்கிற கொன்ஃபிக் ஃபைலில இருக்கிற ரகசியத் திறப்புகளையும் மாத்தினம். அது மாறினால் உள்ள இருக்கிற எல்லாரும் வெளிய தள்ளுப்படுவினம், நாங்களும்தான்.

வயிறெரிஞ்சது இதுக்குப் பிறகுதான். போல்டருக்குப் பழைய பெயரை வைச்சுப் பிளகினைத் திருப்பிப் போட, அதின்ர பதிவு அழிபடாமல் கிடந்தது. தடுபட்டது எங்கட வீட்டு ரவுட்டரின்ர ஐபி மட்டும். நான் கடைக் கதிரையில இருக்கேக்கையே என்ர பெயரில, என்ர பாஸ்வேர்டில, கடை ஐபியில இருந்து ஒரு லொகின். ஆள் வேற இணைப்பில இருந்து கதவைத் திறந்திட்டு உள்ள போயிருக்கிறார். வீட்டுத் தடை தன்ர நேரம் முடிய விட்டுட்டுது. ஹக்கும் இல்லை, கிளீனும் இல்லை.

லொகின் தடுபட்டால் முதல் வைஃபையை நிப்பாட்டிப் போட்டு டேட்டாவில போய்ப் பாருங்கோ. உங்கட ஐபியை அனுமதிப் பட்டியலில போட்டால் சரி எண்டு சிலர் சொல்லுவினம். எங்கட இணைப்பில ஐபி மாறிக்கொண்டிருக்கும், டேட்டாவில ஒண்டைக் கனபேர் பாவிக்கினம், அதை நம்பேலாது. வெளியாளைக் கூப்பிடத்தான் வேணுமெண்டால் அவருக்குத் தனிக் கணக்குப் போட்டு, வேலை முடிஞ்ச அண்டைக்கே அழியுங்கோ.

மிச்ச 6,000 எப்ப அக்கா எண்டு நேற்றும் வட்ஸ்அப்பில கேட்டிருந்தார்.