கைபேசிக் கோபுரம் எட்டாத இடங்களுக்கான செயற்கைக்கோள் தொடர்பு: எந்தச் சேவையை நம்பலாம்?

மலை முகாம், ஆழ்கடல் படகு, பனிப்பகுதி ஆய்வு நிலையம் போன்ற இடங்களுக்குச் செயற்கைக்கோள் சேவை வாங்குவோர் பெரும்பாலும் இணைய வேகத்தைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். மின்சாரம் குறைந்து, வானத்தின் ஒரு பகுதி மட்டுமே தெரியும் நிலையிலும் ஒரு செய்தி உரியவரைச் சென்றடையுமா என்பதே முதலில் கேட்க வேண்டியது. இந்த மதிப்புரையில் நான் கொண்ட அளவுகோலும் அதுவே.

அவ்வகையில் இரிடியம் சேவைக்கே முதலிடம் தருவேன். ஏறத்தாழ 780 கிலோமீட்டர் உயரத்தில், துருவங்களை ஒட்டிய பாதைகளில் சுற்றும் அதன் 66 செயற்கைக்கோள்கள் தமக்குள்ளேயே தகவலைக் கைமாற்றிக்கொள்வதால், நாம் இருக்கும் வட்டாரத்தில் தரைநிலையம் இல்லாவிட்டாலும் நடுக்கடலிலிருந்தும் அண்டார்டிகாவிலிருந்தும் பேச முடிகிறது. அது பயன்படுத்தும் எல் (L-band) என்ற குறைந்த அதிர்வெண் அலைவரிசையை மழை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. ஆனால் அதன் கையடக்கத் தொலைபேசியில் தரவு வேகம் நொடிக்கு 2.4 கிலோபிட் அளவே என்பதால், படம் அனுப்பும் எண்ணத்தையே விட்டுவிட வேண்டும். செங்குத்தான பள்ளத்தாக்குகளில், செயற்கைக்கோள் பாறைக்குப் பின்னே மறையும்போது அழைப்பும் அறுந்துபோகும்.

இதனாலேயே, குரல் அழைப்பைவிடக் குறுஞ்செய்திக் கருவியை நான் உயர்வாக மதிக்கிறேன். இரிடியம் வலையமைப்பில் இயங்கும் கார்மின் இன்ரீச் போன்ற கருவிகள், வானம் திறக்கும் வரை செய்தியை மீண்டும் மீண்டும் அனுப்ப முயல்கின்றன. அவசரப் பொத்தானை அழுத்தியவருக்கு, தம் குரல் கேட்கப்பட்டது என்ற பதிலும் எழுத்தில் வருகிறது. காயமுற்ற ஒருவரின் அருகில் அமர்ந்திருப்பவருக்கு அந்த ஒரு வரி எவ்வளவு பெரிய துணை!

பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தோன்றும் புவிநிலைச் செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால், உரையாடலில் மறுமொழி வர அரை நொடிக்கு மேல் தாமதம் உண்டு. துருவப் பகுதிகளுக்கு அவை எட்டுவதுமில்லை. ஒரே செயற்கைக்கோளை நம்பியிருப்பதில் உள்ள இடர், 2024 ஏப்ரலில் துராயா-3 என்ற புவிநிலைச் செயற்கைக்கோள் பழுதடைந்து ஆசிய-பசிபிக் பகுதியில் சேவை நின்றபோது வெளிப்படையாகத் தெரிந்தது.

செயற்கைக்கோள் வழி இணையம் தரும் ஸ்டார்லிங்க் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்தில் இயங்குவதால் தாமதம் சில பத்து மில்லிநொடிகளே. தொலைவிலுள்ள மருத்துவர் நோயாளியைக் காணொளியில் பார்த்துப் பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சேவையைப் பரிந்துரைக்க என்னால் இயலவில்லை. எனினும் அதன் வழக்கமான தட்டு வடிவ அலைவாங்கி, இயங்கும் நேரம் முழுவதும் பல பத்து வாட் மின்சாரத்தைக் கேட்கிறது. சூரியத் தகடுகளை மட்டும் நம்பும் முகாமில், மேகமூட்டம் சில நாள் நீடித்தால் முதலில் நிறுத்தப்படுவது அதுவாகவே இருக்கும். அடர்ந்த மரக்கிளைகளும் கனமழையும் அதன் இணைப்பைத் துண்டிக்கக்கூடும். ஆகவே முகாமின் அன்றாடப் பணிக்கு ஸ்டார்லிங்க்கை வைத்துக்கொண்டாலும், முகாமைவிட்டு வெளியே செல்லும் ஒவ்வொரு குழுவிடமும் கையடக்கச் செய்திக் கருவி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும்.

வாங்குமுன் சட்டநிலையையும் விசாரிக்க வேண்டும். முன் அனுமதியின்றிச் செயற்கைக்கோள் தொலைபேசி வைத்திருப்பதே குற்றமாகும் நாடுகள் உள்ளன. முன்பணத் திட்டங்களில் பயன்படுத்தாத நிமிடங்கள் குறித்த காலத்தில் காலாவதியாகிவிடலாம் என்பதால், புறப்படுமுன் திட்டத்தின் இறுதி நாளைச் சரிபார்த்து, திறந்த வெளியில் நின்று ஒரு சோதனைச் செய்தியும் அனுப்பிப் பார்ப்பது அவசியம்.