தமிழ் படிக்க இ-ரீடர்: பேட்டரி மாற்றிய கையோடு எழுதுவது

போன வாரம் என் இ-ரீடருக்கு, அதாவது மின்நூல் படிக்கும் கருவிக்கு, புது பேட்டரி போட்டாயிற்று. பழையது உப்பிப்போய்ப் பின்மூடியையே தள்ள ஆரம்பித்திருந்தது. அதை மாற்றி வாங்கிக்கொண்டு அலுவலகம் வந்த அன்றே பக்கத்து இருக்கைப் பெண் கேட்டாள்: "அக்கா, இப்போ ஆஃபர்ல விலை குறைஞ்சிருக்கு. தமிழ்க் கதைங்க படிக்கத்தான். வாங்கட்டுமா?" அவளுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன். திரை எத்தனை அங்குலம், எத்தனை புத்தகம் கொள்ளும் என்பதெல்லாம் விளம்பரத்திலேயே இருப்பதால் அதற்குள் போகவில்லை.

நான் மயிலாடுதுறையில் ரயிலேறி கும்பகோணத்தில் இறங்குகிறவள். காலையில் ஜன்னலோர இடம் கிடைத்தால் வெயில் நேராக மடியில் விழும். அந்த வெளிச்சத்தில் போனைத் திறந்தால் என் முகம்தான் தெரியும். காகிதம் போலத் தெரியும் இந்த இ-இங்க் திரையில் வெயில் ஏற ஏற எழுத்து இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையின் கட்டைவிரலாலேயே பக்கம் திருப்பலாம். இரவில் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு விளக்கைப் போடாமல் படிக்கலாம். இந்தச் சுகத்துக்குப் பழகியவர்களுக்கு இதை விடுவது கஷ்டம்.

இந்தப் பாதையில் நான் திரும்பத் திரும்பப் படித்தது உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-ல் அவர் மறைந்ததும் முடியாமல் நின்றுபோன புத்தகம். அச்சுப் பிரதியை ரயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது, அவ்வளவு தடிமன். அவர் மாயூரம் என்று எழுதுவது நான் ரயிலேறும் ஊர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்க அவர் வந்து சேர்ந்தது இங்கேதான். நரசிங்கம்பேட்டையில் வண்டி நிற்கும்போது, அவர் படித்த திருவாவடுதுறை மடம் பக்கத்தில்தான் இருக்கிறது. இறங்கும் கும்பகோணமோ 1880-ல் அவர் கல்லூரித் தமிழாசிரியராகச் சேர்ந்த ஊர். புத்தகம் நடக்கும் ஊர்களை ஜன்னலில் பார்த்துக்கொண்டே அதைப் படிக்க முடியும் என்று இந்தக் கருவியை வாங்கும்போது நினைத்ததே இல்லை. எனக்கு அது பெரிய சந்தோஷம்.

அந்தப் புத்தகத்தில் சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கும் இடம் என் வாசிப்பையே மாற்றியது. கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது சிவில் நீதிபதியாக, வந்தவர் முதலியார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவரும் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்குகிறார். முதலியாரின் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லை. பழைய நூல்கள் ஏதாவது, சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அத்தனை படித்த மனிதர் அன்று 'இல்லை' என்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கிருந்து சிந்தாமணியைத் தேடிப் படித்து, ஏடு ஏடாக ஒப்பிட்டு, 1887-ல் அச்சில் கொண்டுவந்துவிட்டார். அதுவரை எனக்கு வாசிப்பு என்றால் கல்கி, அப்புறம் புதுமைப்பித்தன், கையில் கிடைத்த வார இதழ். சிலப்பதிகாரத்தை உரையோடு படிக்க நான் உட்கார்ந்தது இந்த அத்தியாயத்துக்குப் பிறகுதான்.

சரி, இப்போது என்னைப் படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன்: வரிகளுக்கு நடுவே விழும் வெள்ளை.

கடையில் வாங்கிய ஒரு தமிழ் மின்நூலை இதில் திறந்து, எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு வரியில் இடது ஓரத்தில் 'அங்கே' என்று ஒரு சொல். வலது ஓரத்தில் 'அப்போது' என்று இன்னொன்று. நடுவில் இரண்டு விரலை வைக்கலாம், அவ்வளவு வெறுமை. அதற்கு அடுத்த வரியில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்ற ஒரே சொல் முக்கால் வரியை அடைத்துக்கொண்டு நிற்கும். அதற்கடுத்த வரியில் மறுபடி இரண்டே சொல், நடுவில் வெள்ளை. கண் ஒவ்வொரு வரியிலும் தாண்டித் தாண்டிப் போக வேண்டும். நாற்பதைத் தாண்டி எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

காரணம் எளிது. வலது ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று மென்பொருள் வரியை இழுக்கிறது. ஆங்கிலத்தில் சொல் நீண்டால் நடுவில் ஒடித்து, சின்னக் கோடு போட்டு, மிச்சத்தைக் கீழே இறக்கத் தெரிந்த இதற்குத் தமிழில் ஒடிக்கத் தெரியவில்லை. நீளச் சொல் முழுசாகக் கீழே போய்விடுகிறது. மிஞ்சிய சொற்களை இழுத்து வரியை நிரப்புகிறது. வேற்றுமை உருபு, துணைவினை, 'எல்லாம்', 'கூட' என்று ஒட்டிக்கொண்டே போகும் மொழியில் இது பக்கத்துக்குப் பக்கம் நடக்கும்.

இது தீர்க்க முடியாத பிரச்சினை இல்லை. தமிழ் அச்சகங்கள் வரி முடிவில் சொல்லை ஒடித்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவதைக் காலங்காலமாகச் செய்துவருகின்றன; நாமும் தடங்கலே இல்லாமல் படித்து வளர்ந்தோம். டெக் போன்ற இலவச அச்சுக்கோப்பு மென்பொருளில் தமிழுக்கான சொல் ஒடிப்பு விதிகள் இருக்கின்றன. எடுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. இத்தனை மென்பொருள் புதுப்பிப்புகள் வந்துவிட்டன, கடைசியாகப் பேட்டரி மாற்றிய அன்று வந்தது உட்பட. இது மட்டும் மாறவில்லை.

உ.வே.சா. கையில் எடுத்த ஏடுகளில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். மூலம் எது, உரை எது, உரைக்குள் வரும் மேற்கோள் எது என்று பார்த்துப் பார்த்துப் பிரித்தவர் அவர். நாம் சிரமமில்லாமல் படிக்க வேண்டும் என்பதற்காக ஆயுளைக் கொடுத்த ஒருவரின் கதையை இப்படிச் சிதறிக் கிடக்கும் வரிகளில் படிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. கோபம் வருகிறது.

நியாயமாகப் பேசினால், கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது. வலது ஓரத்தைச் சமன் செய்யாமல் விட்டுவிடும் வசதி இதில் இருக்கிறது, சில புத்தகங்களில் வேலையும் செய்கிறது. மின்நூல் தயாரிப்பவர் உள்ளே எப்படி எழுதி வைத்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது அது. பதிப்பகத்தில் யாராவது ஒருவர் நூலை வெளியிடும் முன் ஒரு சின்னத் திரையில் பத்துப் பக்கம் புரட்டிப் பார்த்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்கும்.

நாட்டுடைமையான நூல்களுக்கும் காப்புரிமை முடிந்தவற்றுக்கும் வழி இருக்கிறது. தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் இணையத்தில் ஏற்றும், 1998 முதல் நடந்துவரும் மதுரைத் திட்டத்தில் 'என் சரித்திரம்' இலவசமாகவே கிடைக்கும். அந்தக் கோப்பை இறக்கி, கணினியில் காலிபர் மென்பொருளில் போட்டு, மாற்றும்போது இடது ஓரம் மட்டும் சமன் என்று தேர்ந்தெடுத்துவிட்டால் பக்கம் அப்படியே தெளிந்துவிடும். வலது ஓரம் கொஞ்சம் ஏறி இறங்கி இருக்கும், அது கண்ணை ஒன்றும் செய்யாது. நான் ரயிலில் படிப்பது அந்தப் பிரதியைத்தான்.

ஆனால் காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தில் இதைச் செய்ய வழியில்லை, பூட்டு போட்டிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் தட்டச்சு செய்து கொடுத்த நூல் என் கண்ணுக்கு இதமாக இருக்கிறது. விலை கொடுத்த நாவல் உறுத்துகிறது. இன்று உயிரோடு எழுதிக்கொண்டிருக்கும் எழுத்தாளர்களைக் காசு கொடுத்துத்தானே படிக்க வேண்டும்? அந்தப் புத்தகங்களில்தான் இந்தக் கருவி தோற்கிறது. ஸ்கேன் செய்த பிடிஎஃப் பற்றிக் கேட்டால், ஆறு அங்குலத் திரையில் அதைத் திறக்கவே வேண்டாம்.

என்னுடையதை நான் யாருக்கும் தர மாட்டேன். இந்தப் பேட்டரியும் போனால் மறுபடி மாற்றிக்கொள்வேன். ஆனால் அந்தப் பெண்ணிடம், புதுத் தமிழ் நாவல்கள் படிக்கத்தான் என்றால் வாங்காதே என்றே சொன்னேன். ஆஃபர் இன்னும் இரண்டு நாள்தான் இருக்கிறது என்றாள். போகட்டும், அந்தக் காசுக்கு நல்ல அச்சுப் புத்தகங்களாக நாலைந்து வாங்கு என்றேன். இப்போதைக்கு என் வீட்டு அலமாரியில் இருக்கும் 'என் சரித்திரம்' அச்சுப் பிரதியை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன்.