பார்லியை உடைத்து வைப்பதா, தட்டில் முளைக்க விடுவதா?

பார்லி ஒன்றுதான், வழி இரண்டு. உடைத்து உலர்புல்லோடு சேர்த்துக் கறவை மாட்டுக்கு வைக்கலாம். அல்லது ஊறவைத்து, தட்டில் பரப்பி, மண்ணில்லாமல் தண்ணீர் மட்டும் தெளித்து வளர்த்து, ஏழெட்டு நாளில் வேரும் இலையுமாக உருட்டி எடுத்துப் போடலாம். இரண்டையும் செய்து பார்த்தபின் நான் உடைத்த பார்லிக்குத்தான் வந்து நின்றேன்.

தட்டுத் தீவனத்தின் நல்லதுகள் தெரிந்தவைதான். இடம் அதிகம் வேண்டாம், கோடையிலும் பச்சை கிடைக்கும், மாடு விரும்பித் தின்னும். தட்டு விற்பவர்களே இதையெல்லாம் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சேர்த்துச் சொல்லும் இன்னொன்றுதான் சிக்கல்: 'ஒரு கிலோ விதை ஆறு கிலோ தீவனமாகும்.'

ஆகும், பொய்யில்லை. ஆனால் கூடிய எடை தண்ணீர். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ பார்லியில் ஈரத்தைக் கழித்தால் சுமார் 900 கிராம் உலர்பொருள் இருக்கும். ஆறு கிலோ முளைத் தீவனத்தில் உலர்பொருள் 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 780 கிராம்தான் தேறும். மீதி 120 கிராம் எங்கே போனது? முளைக்கும் விதை தன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, மூச்சுவிட அதை எரித்துவிடுகிறது. கொஞ்சம் ஊறவைத்த தண்ணீரிலும் கரைந்து ஓடிவிடுகிறது. அந்தச் சில நாளில் இலை வெயிலைப் பிடித்துச் செய்யும் உணவு இந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை. ஆக, ஆறு மடங்கு தீவனம் என்பது உண்மையில் விதையில் இருந்ததைவிடக் குறைவான தீனி.

புரதத்திலும் இதே கதைதான். பார்லியில் 12 சதவீதம், முளைத் தீவனத்தில் 14 சதவீதம் என்று அட்டவணை காட்டும்போது கூடிவிட்டதாகத் தோன்றும். 900 கிராமில் 12 சதவீதம் 108 கிராம். 780 கிராமில் 14 சதவீதம் 109 கிராம். மாவுச்சத்து குறைந்ததால் புரதத்தின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். வெறும் தண்ணீரில் வளரும் பயிருக்குப் புரதம் கட்டத் தேவையான தழைச்சத்து (நைட்ரஜன்) புதிதாக எங்கிருந்து வரும்?

400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்குப் பத்து கிலோவுக்கு மேல் உலர்பொருள் வேண்டும். அதைத் தட்டிலிருந்தே கொடுப்பதென்றால் தினமும் எண்பது கிலோவாவது அறுக்க வேண்டும். அதற்கு 13 கிலோ விதை வேண்டும். அந்த விதையை அப்படியே மாட்டுக்குக் கொடுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே பயமாக இருக்கும்!

இதில் உடைத்த பார்லியின் குறையையும் சொல்லியாக வேண்டும். மாவுச்சத்து ஒரேயடியாகப் போனால் முதல் வயிற்றில் அமிலம் ஏறி மாடு தீனி எடுக்காமல் படுத்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நார்த்தீனியோடு கொடுக்க வேண்டும். முளைத் தீவனத்தில் மாவு குறைவு, நார் அதிகம் என்பதால் இந்த ஆபத்து குறைகிறது. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் இரண்டும் முளைத்ததில் கூடுகின்றன. வெறும் வைக்கோலில் ஓடும் மாட்டுக்கு இது பெரிய விஷயம். கொஞ்சமாவது பசும்புல் கிடைக்கும் மாட்டுக்கு அவ்வளவு இல்லை. நான் சொல்வதெல்லாம் மாட்டுக்குத்தான். குதிரை, முயல், கோழி வளர்த்த அனுபவம் எனக்கு இல்லை. அசைபோடாத வயிற்றுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம் பூஞ்சாணம். ஈரமும் வெதுவெதுப்பும் அதற்கும் பிடிக்கும். முளைத்த தானியத்தில் வளரும் ஆஸ்பெர்ஜில்லஸ் கிளாவேட்டஸ் என்ற பூஞ்சாணத்தின் நஞ்சு மாட்டுக்கும் ஆட்டுக்கும் நடுக்கம் வரவைத்து, காலை இழுத்து, கொன்றும் விடும். தட்டுகளை ஒவ்வொரு முறையும் கழுவிக் கிருமிநீக்க வேண்டும், நாற்றமடித்ததைத் தயங்காமல் கொட்ட வேண்டும். விதைப்புக்காக மருந்து கலந்த விதையைத் தொடவே கூடாது. உடைத்த பார்லிக்கு ஈரமில்லாத மூட்டை போதும்.

பச்சை எதுவுமே கிடைக்காத இடமென்றால் தட்டு வாங்குங்கள், ஆனால் தீனியின் ஒரு சிறு பங்காக மட்டும். அதற்கு முன் விற்பவரின் தட்டிலிருந்து ஒரு கிலோ வாங்கி, மொறுமொறுவென்று காயவைத்து எடை போட்டுப் பாருங்கள். காய்ந்த எடையிலும் பத்து சதவீதம் போல ஈரம் ஒட்டியிருக்கும், அதையும் கழித்துவிடுங்கள். வருகிற எடையை வைத்து விலை பேசுங்கள்.