மணிக்கட்டில் பி.பி. கருவி: அக்னி நட்சத்திரம் முதல் கார்த்திகை மழை வரை

மருத்துவர் அறையில் என் இரத்த அழுத்தம் எப்போதும் 130/80-ஐ ஒட்டியே இருக்கும். ஆனால் புதுச்சேரியில் கணக்கு வேலை முடிந்து கடலூர் திரும்பும் மாலைகளில் பிடரி கனக்கும். மருத்துவமனையில் சரியாக இருந்துவிட்டு மற்ற நேரங்களில் ஏறும் இந்த வகை அழுத்தம் எளிதில் அகப்படாது. அதைப் பிடிக்கத்தான் பி.பி. பார்க்கும் கைக்கடிகாரம் வாங்கினேன்.

இதில் இரண்டு வகை உண்டு. ஓம்ரான் ஹார்ட்கைடு, ஹுவாவே வாட்ச் டி போன்றவற்றில் பட்டைக்குள் இருக்கும் சிறு காற்றுப்பை உப்பி, மணிக்கட்டை இறுக்கி அளக்கிறது. மற்றவை தோலில் ஒளி பாய்ச்சி, நாடியின் அலையைக் கொண்டு கணக்கிடுகின்றன. சாம்சங் கடிகாரத்தை 28 நாட்களுக்கு ஒருமுறை, மேற்கையில் கட்டும் கருவியோடு ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டும். நான் காற்றுப்பை உள்ளதையே எடுத்தேன்.

அளக்கும்போது மணிக்கட்டு நெஞ்சின் உயரத்தில் இருக்க வேண்டும். 10 செ.மீ. தாழ்ந்தாலே அழுத்தத்தை 7, 8 மி.மீ. (பாதரச அளவு) கூடுதலாகக் காட்டும். பேசக் கூடாது, அசையக் கூடாது. கிருமாம்பாக்கம் தாண்டும் பஸ்ஸில் உட்கார்ந்து அளந்த எதையும் நான் கணக்கில் சேர்ப்பதில்லை. கோடையில் பட்டைக்கடியில் வியர்வை தங்கித் தோல் சிவந்துவிட்டது. குளித்ததும் ஈரம் போகத் துடைத்து, சிறிது நேரம் கழற்றி வைப்பது அவசியம்.

இந்தக் கருவி தன் விலையை மீட்டுத் தந்தது இரவில்தான். பட்டை இறுகும்போதெல்லாம் தொடக்கத்தில் விழிப்பு வந்தது, பிறகு பழகிவிட்டது. தூக்கத்தில் இரத்த அழுத்தம் பகலைவிட 10 முதல் 20 சதவீதம் இறங்குவது இயல்பு. என் வரைபடத்தில் அந்த இறக்கமே இல்லை. மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் பகல் அளவு ஏறுவதை எதிர்பார்த்திருந்தேன். இரவு இப்படி இருக்கும் என்று நினைக்கவேயில்லை.

மருத்துவரிடம் காட்டினேன். கடிகாரத்தை மட்டும் நம்பி அவர் மருந்து எழுதவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. மேற்கையில் பட்டை கட்டி 24 மணி நேரப் பதிவு எடுக்கச் சொன்னார். பகல் சராசரி 135/85, இரவுச் சராசரி 120/70 என்பவை எல்லைக்கோடுகள். நான் இரண்டையும் தாண்டியிருந்தேன். அடுத்து அவர் கேட்ட கேள்வி, "குறட்டை விடுவீர்களா?" தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் இரவில் அழுத்தம் இறங்காதாம். பரிசோதனையில் அதுவும் உறுதியானது. இப்போது மாத்திரையோடு, இரவில் மூச்சுக்கான முகமூடியும் அணிகிறேன். கருவாடும் ஊறுகாயும் குறைந்துவிட்டன. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மீன்பிடித் துறைமுகம் உள்ள கடலூர் முதுநகர்க்காரிக்குக் கருவாட்டைக் குறைப்பதுதான் மாத்திரையைவிடக் கடினம்.

மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பேனா? மருத்துவமனை அளவுக்கும் உடம்பு சொல்வதற்கும் ஒத்துவராதவர்களுக்குக் கட்டாயம் சொல்வேன். ஆனால் திரையில் ஒருமுறை கூடுதலாக வந்ததைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவதோ, குறைந்ததும் நிறுத்துவதோ கூடாது. சில நாட்களின் போக்கை மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மாவும் இப்படி ஒரு கடிகாரம் கேட்டார். அவருக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்தக் கருவிகளின் அளவு தவறலாம். அதனால் மருத்துவரைக் கேட்டு, மேற்கையில் கட்டும் கருவியையே வாங்கித் தந்தேன். அடுத்தடுத்து மூன்று முறை அளந்து, சராசரியை நோட்டில் எழுதி வருகிறார்.