ஏர் சஸ்பென்ஷன் வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு: 1,90,000 ரூபாய் கொடுத்தும் வண்டி சாய்ந்தே நின்ற கதை

ஓசூர் பக்கம் ஒரு பட்டறையில் நான் ஏமாந்த கதை இது. பட்டறையின் பெயரை எழுத வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் பெயர் கேட்டு யாரும் செய்தி அனுப்பாதீர்கள், சொல்ல மாட்டேன். என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒன்று விடாமல் சொல்கிறேன்.

வண்டி 2010 மாடல் ஆடி க்யூ 7, டீசல். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஆடி மாதம் 9 லட்சத்துக்கு செகண்ட் ஹேண்டில் எடுத்தேன். "ஆடியில எவனாவது வண்டி எடுப்பானாடா?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆடியில் எடுத்தால்தான் அது ஆடி என்று நானும் பெரிய ஜோக் மாதிரி சொன்னேன். இப்போது வாரத்துக்கு ஒரு முறையாவது அதை எனக்கே திருப்பிச் சொல்லிக் காட்டுகிறார்.

வீடு காரிமங்கலத்தில். சந்தூர் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. தோப்புக்குப் போகிற தடத்தில் மழைக்காலத்தில் டிராக்டரே திணறும். இந்த வண்டியில் நான் மயங்கியது அதனால்தான். சாதாரண வண்டியில் இருக்கிற இரும்புச் சுருள் ஸ்பிரிங் இதில் கிடையாது. நான்கு சக்கரத்துக்கும் காற்று நிரப்பிய ரப்பர் பை, மெக்கானிக்குகள் பலூன் என்பார்கள். ஒரு சின்ன கம்ப்ரசர் காற்றை அடிக்கும், வால்வு பிளாக் அதை எந்தச் சக்கரத்துக்கு வேண்டுமோ அங்கே பிரித்து அனுப்பும். ஒவ்வொரு சக்கரத்திலும் இருக்கிற லெவல் சென்சார் உயரத்தைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். திரையில் 'லிஃப்ட்' என்று வைத்தால் வண்டி அப்படியே எழுந்து, தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் இடையே 240 மில்லிமீட்டர் வரை இடைவெளி வந்துவிடும். முதல் தடவை அதைப் பார்த்த என் மாமனார், "கோயில் யானை எந்திரிக்கிற மாதிரி இருக்கே மாப்பிள்ளை" என்றார்.

போன மார்கழியில் ஒரு நாள் விடிகாலை கேட்டைத் திறக்கப் போனபோது வண்டி வலது முன்பக்கம் சாய்ந்து, கால் நொண்டுகிற மாடு மாதிரி நின்றது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல்தான் நுழைந்தது. ஸ்டார்ட் செய்ததும் உர்ர்ரென்று கம்ப்ரசர் சத்தம், ஒரு நிமிடத்தில் நேராகிவிட்டது. சரி, குளிருக்கு அப்படித்தான் போல என்று ஒரு மாதம் விட்டுவிட்டேன். இது என் தப்பு. காற்று எங்கேயோ கசிய, கம்ப்ரசர் தினமும் அதை ஈடுகட்ட ஓடியிருக்கிறது. பொங்கல் முடிந்த வாரம் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு வந்து, வண்டி மேலே ஏறவே மறுத்தது.

மச்சான் ஒருவன் சொல்லி ஓசூர் பட்டறைக்குப் போனேன். கண்ணாடி கதவு, ஏசி ரூம், காபி மெஷின் எல்லாம் இருந்தது. ஒரு பையன் ஸ்கேனரைச் செருகினான். பத்து நிமிடம்தான். முதலாளி வந்து, "கம்ப்ரசர் அவுட் சார். முன்னாடி ரெண்டு பலூனும் அவுட். 2,90,000 ஆகும்" என்றார். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கக்கூட இல்லை, சக்கரத்தைக் கழற்றவில்லை. எனக்கு வாய் உலர்ந்துவிட்டது. அரை மணி நேரம் பேசிய பிறகு, "உங்களுக்காக சார்" என்று இறங்கி வந்தார். புது கம்ப்ரசர் 78,000, வலது முன் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பர் தண்டு) பலூனோடு 92,000, கூலி 14,000, உயரம் செட் பண்ண 6,000. ஆக மொத்தம் 1,90,000.

இரண்டு எரர் கோடுகளை ஸ்கேனரில் எனக்குக் காட்டினார்கள். ஒன்று, வண்டி கேட்ட உயரத்துக்கு ஏறவில்லை என்றது. இன்னொன்று, கம்ப்ரசர் சூடாகி நின்றுவிட்டது என்றது. அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது: இந்த இரண்டு கோடும் எந்தப் பொருள் கெட்டது என்று சொல்லவே இல்லை. ஓட்டை எங்கே இருந்தாலும் கம்ப்ரசர் அதிக நேரம் ஓடும், ஓடினால் சூடாகும், எரிந்துபோகாமல் இருக்க அதுவாகவே நின்றுகொள்ளும். கசிவு பலூனில் இருந்தாலும் சரி, குழாயில் இருந்தாலும் சரி, வால்வில் இருந்தாலும் சரி, ஸ்கேனர் இதே இரண்டு வரியைத்தான் காட்டும். காய்ச்சல் 102 என்று தெர்மாமீட்டர் சொன்னால் டெங்குவா, டைபாய்டா என்று அதைப் பார்த்தே சொல்லிவிட முடியுமா?

நான்கு நாளில் வண்டி கைக்கு வந்தது. பில் கேட்டால், "பில் போட்டா ஜி.எஸ்.டி. தனியா வரும் சார், பரவாயில்லையா?" என்றார்கள். நானும் மிச்சம் பிடிக்கிற ஆசையில் எஸ்டிமேட் சீட்டோடு நிறுத்திக்கொண்டேன். பழைய பொருள் எங்கே என்றதற்கு, "அது ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார், ஆயில் அழுக்கு, உங்களுக்கு எதுக்கு?" காற்று அடிக்கிற கம்ப்ரசருக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். ஏசி ரூமில் உட்கார்ந்து காபி குடித்தால் வாய் வராது போல.

ஒன்பது நாள் வண்டி ஜம்மென்று நின்றது. பத்தாம் நாள் காலையில் அதே வலது முன்பக்கம், அதே இரண்டு விரல்.

போன் போட்டேன். "புது ரப்பர் சார், செட் ஆக ஒரு மாசம் ஆகும்" என்றார் முதலாளி. வண்டி சாய்ந்து நிற்பதை வீடியோ எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனேன், போக வர கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர். மறுபடியும் ஸ்கேனர். இந்தத் தடவை, "வால்வு பிளாக் போச்சு சார், 48,000." முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்றால், "ஒண்ணு புதுசா போட்டா இன்னொண்ணு வீக் ஆகும் சார், பழைய வண்டில்ல?" பணம் கொடுக்காமல் திரும்பி வந்தேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

மாசி மாதம் சேலத்தில் ஒரு கல்யாணம். அம்மா, மனைவி, பிள்ளைகள், பின்சீட்டில் சீர்த் தட்டு. தர்மபுரி தாண்டி பாளையம் சுங்கச்சாவடி வந்தபோது முன்பக்கம் மொத்தமாக உட்கார்ந்துவிட்டது. வண்டியைத் திருப்பினால் டயர் மட்கார்டின் உள்பக்கம் உரசி கர்ர் கர்ர் என்றது. அதற்கு அப்பால் தொப்பூர் கணவாய். அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரிகள் செய்திருக்கிற காரியமெல்லாம் இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த வண்டியில் பிள்ளைகளை வைத்து அதில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. ஓரங்கட்டினேன்.

அங்கே சாலையோரம் லாரிகளுக்கு ஏர் பிரேக் பார்க்கிற ஒரு பெரியவர் கொட்டகை போட்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கும், லுங்கி, காதில் பீடி. சும்மா ஒரு ஆறுதலுக்குத்தான் விஷயத்தைச் சொன்னேன்.

"இந்த வண்டி நான் பாத்ததில்ல தம்பி. ஆனா காத்துதானே? லாரியில போனா என்ன, இதுல போனா என்ன?" என்றார்.

முதலில் அவர் செய்தது என்ன தெரியுமா? என்னைத் திட்டியது. நான் குனிந்து சக்கரத்துக்கு மேலே கையை விட்டேன். "கைய எடு! காத்து போனா வண்டி உன் கை மேலதான் உக்காரும்" என்றார். இதை எல்லோரும் மனதில் வையுங்கள். காற்றில் நிற்கிற வண்டிக்கு அடியிலோ, சக்கர வளைவுக்குள்ளோ ஸ்டாண்டு இல்லாமல் கை, தலை எதையும் விடக்கூடாது. திரையில் ஜாக் மோடு என்று ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுத்தான் ஜாக்கி வைக்க வேண்டும். இல்லாவிட்டால், ஜாக்கியில் இருக்கும்போதே வண்டி தன் உயரத்தைத் தானே திருத்தப் பார்க்கும். பட்டறைக்காரர்கள் இதை எனக்குச் சொன்னதே இல்லை. புத்தகத்தைப் புரட்டி ஜாக் மோடு போட்டேன். அவர் ஜாக்கி வைத்து, ஸ்டாண்டு வைத்து, அதற்கும் மேல் ஒரு மரக்கட்டையும் வைத்துவிட்டுத்தான் சக்கரத்தைக் கழற்றினார்.

பக்கத்துக் கடையில் 2 ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்று வாங்கிவரச் சொன்னார். மக்கில் தண்ணீர் கலந்து, பெயின்ட் பிரஷ்ஷால் பலூன் முழுக்கப் பூசினார். ஒன்றும் வரவில்லை. குழாயைத் தடவிக்கொண்டே மேலே போய், ஸ்ட்ரட்டின் தலையில் குழாய் வந்து சேருகிற நிப்பிளில் பூசினார். நுரை பூத்தது. பால் பொங்குகிற மாதிரி ஒரு சின்னக் குமிழ், அது உடைந்ததும் அடுத்தது.

"இந்தா, உன் ரெண்டு லட்சம் இங்கதான் போகுது."

நிப்பிளைக் கழற்றினார். உள்ளே போகிற குழாயின் முனை சாய்வாக வெட்டியிருந்தது, அதன் மேல் பழைய அழுத்தத் தடம் வேறு. புது ஸ்ட்ரட்டைப் போட்டவர்கள் குழாய் முனையைப் புதிதாக வெட்டாமல், பழைய நிப்பிளையே மாட்டி முறுக்கியிருக்கிறார்கள். ஆரம்பத்தில் இருந்தே கசிவு இங்கேதான் இருந்திருக்கும் என்பது அவர் கணக்கு. பிளேடால் அரை அங்குலம் நேராக வெட்டி, திரும்ப மாட்டி, மறுபடி ஷாம்பு போட்டுப் பார்த்தார். நுரை வரவில்லை.

"டியூப் பஞ்சர்னா பம்பை மாத்துவியா நீ?" என்று மட்டும் கேட்டார். 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். கூடக் கொடுத்ததற்கு, கல்யாணத்துக்கு நேரமாச்சு, கிளம்பு என்று விரட்டிவிட்டார். அம்மா சீர்த் தட்டில் இருந்து இரண்டு ஆப்பிளை எடுத்து அவர் கையில் திணித்தார்.

இதோடு முடிந்திருந்தால் கவனக்குறைவு என்று விட்டிருப்பேன். கல்யாணம் முடிந்து மறுநாள், சேலத்தில் லேப்டாப் வைத்து இந்த மாதிரி வண்டிகள் பார்க்கிற ஒரு தம்பியிடம் காட்டினேன். நிப்பிளை எப்படியும் புதிதாக மாற்றிவிடுவோம், கம்ப்ரசர் ஏன் விட்டுவிட்டு ஓடுகிறது என்றும் பார்ப்போம் என்றார். கம்ப்ரசரைக் கழற்றி, மேலிருந்த கருப்பு பெயின்டைத் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்தார். அடியில் தயாரிப்புத் தேதி: 2010. என் பழைய கம்ப்ரசரையே கழுவி, பெயின்ட் அடித்து, எனக்கே 78,000 ரூபாய்க்கு விற்றிருக்கிறார்கள்!

ரிலேவும் பழையதுதான். அதன் முனைகள் கருகியிருந்தன. கம்ப்ரசருக்குக் கரண்ட் விடுகிற இந்த ரிலே ஒட்டிக்கொண்டால் கம்ப்ரசர் நிற்காமல் ஓடி நிஜமாகவே எரிந்துபோகும், கம்ப்ரசரைத் தொடுகிறவர்கள் ரிலேயை மாற்றாமல் விடவே கூடாது என்றார் அந்தத் தம்பி. நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், ஸ்ட்ரட்டை மட்டும் மாற்றித்தான் இருந்தார்கள். ஆனால் அதில் கம்பெனி முத்திரையே இல்லை. பழைய பலூன் நன்றாக இருந்ததா, கெட்டிருந்ததா என்பது இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. அது ஸ்கிராப்புக்குப் போயாயிற்று. ரிலே, நிப்பிள், கம்ப்ரசர் காற்றில் ஈரம் எடுக்கிற டிரையர், கூலி எல்லாம் சேர்த்து சேலத்தில் நான் கொடுத்தது 6,400 ரூபாய்.

உங்கள் வண்டியும் இப்படிச் சாய்ந்தால் எந்தப் பட்டறைக்கும் போவதற்கு முன்னால் ஒரு டேப்பை எடுத்து, சமதரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியில் இருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் ராத்திரி ஒரு தடவை, விடிந்ததும் ஒரு தடவை அளந்து எழுதிவையுங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கினால் அந்த மூலையின் பலூன், அதற்குப் போகிற குழாய், நிப்பிள், வால்வு இவற்றுக்குள்தான் விஷயம். வண்டி காற்றை இழக்காமல், ஓடும்போதே கோணலாக நிற்கிறது என்றால் லெவல் சென்சாரின் இணைப்புக் கம்பி உடைந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அதை மாற்றினால் ஸ்கேனரில் உயரத்தைத் திரும்பப் பதிய வேண்டும், அதற்குக் கூலி கேட்டால் அது நியாயமான கூலி. கசிவை நுரையில் கண்ணால் காட்டாத வரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கழற்றுகிற பழைய பொருளில் மார்க்கரால் உங்கள் கையெழுத்தைப் போட்டுவிடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் கம்ப்ரசர் கதை நடந்தே இருக்காது.

பில் இல்லாததால் கேஸ் நிற்காது என்று நினைத்திருந்தேன். எஸ்டிமேட் சீட்டு, பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம், வாட்ஸ்அப் உரையாடல், தேதி தெரிகிற கம்ப்ரசர் படம், சேலத்துத் தம்பி எழுதிக் கொடுத்த ரிப்போர்ட் எல்லாம் போதும் என்கிறார் வக்கீல். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பட்டறை ஓசூரில் இருந்தாலும் நான் குடியிருக்கிற மாவட்ட ஆணையத்திலேயே, அதாவது தர்மபுரியிலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, 2 வருடத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவைத்தேன். நோட்டீஸ் போன நான்காம் நாள் பட்டறை முதலாளியே போன் செய்தார். "என்னண்ணா, நமக்குள்ள எதுக்கு வக்கீலு?" அதுவரை சார், அன்று முதல் அண்ணா. 50,000 தருகிறேன் என்கிறார். 78,000க்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போதும் தினம் காலையில் டேப்பும் கையுமாக வாசலுக்குப் போகிறேன். மண்டிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவருகிறேன். இன்று காலை: வலது முன் 49.5 செ.மீ., இடது முன் 49.5. பெங்களூரா மாங்காய் விலை முன்பக்கத்தில் இருக்கிறது, அதுதான் இறங்கிக்கொண்டே போகிறது.