கோத்தகிரி குளிரில் 100 வாட் ஹீட்டர்: வெள்ளைப்புள்ளி வந்த என் மீன்களுக்கு அது எவ்வளவு உதவியது

இந்த ஹீட்டர் வாங்கி ஐந்து மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் அதை மருந்தாகவே பயன்படுத்தினேன், அதனால் மீனுக்கு வந்த நோயைச் சொல்லாமல் ஹீட்டரைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை. மலையில் மீன் வளர்ப்பவர்களுக்கு, அதிலும் இந்த நேரத்தில் தொட்டிக்கு முன்னால் டார்ச்சோடு உட்கார்ந்து "இது என்ன வெள்ளையா இருக்கு" என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உதவட்டும்.

என் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். மணலும் கல்லும் போக 45 லிட்டர் தண்ணீர் நிற்கும். வெயில் காலத்தில் வாங்கிய இரண்டு கருப்பு மோலியும் இரண்டு ஏஞ்சலும் ஹீட்டர் இல்லாமலே நன்றாக இருந்தன. நவம்பர் கடைசியில் கோயம்புத்தூர் போனபோது இன்னும் இரண்டு மோலி வாங்கி பஸ்ஸில் கொண்டுவந்தேன், சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையைப் பிடிப்பார்கள் என்று மூடி போட்ட தூக்குவாளியில். மேட்டுப்பாளையத்தில் வியர்க்க வியர்க்க ஏறியவர்கள் குஞ்சப்பனை தாண்டும்போதே ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். மடியில் இருந்த வாளியும் அதற்குள் ஜில்லிட்டுப் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நேரே தொட்டியில் விட்டுவிட்டேன். தனியாக ஒரு தொட்டியில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்திருக்க வேண்டும், அதைச் செய்யாததால் ஆறு மீனுக்கும் நோய் வந்தது.

முதலில் புள்ளி தெரியாது. மீன் கல்லிலும் ஃபில்டர் குழாயிலும் உடம்பைச் சட்டென்று தேய்த்துவிட்டுப் போகும், துடுப்பை மடக்கி வைத்துக்கொள்ளும், மோலி என்றால் இருந்த இடத்திலேயே உடம்பை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஐந்தாம் நாள் காலை கருப்பு மோலியின் வாலில் ரவை தூவின மாதிரி நாலைந்து புள்ளி. மறுநாள் இருபதுக்கு மேல். கருப்பு மீனில் பளிச்சென்று தெரிகிற இந்தப் புள்ளி வெள்ளி நிற ஏஞ்சலில் சுலபமாகத் தெரியாது. விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் ஒவ்வொரு புள்ளியும் தோலுக்கு மேலே சின்னதாகப் புடைத்திருப்பது தெரியும், லென்ஸ் இருந்தால் இன்னும் நல்லது. பஞ்சு ஒட்டின மாதிரி இருந்தால் அது பூஞ்சை, வேறு விஷயம். கோல்டு ஃபிஷ் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள்: செவுள் மூடியிலும் முன்துடுப்பின் விளிம்பிலும் மட்டும் வரிசையாக வெள்ளைப் புள்ளி இருந்து, மீனும் சுறுசுறுப்பாக இருந்தால், அது இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீனுக்கு வருவது. அதற்கு மருந்து ஊற்றிவிடாதீர்கள்.

எனக்கு வந்தது வெள்ளைப்புள்ளி நோய்தான். இக் என்று சொல்வார்கள், இக்தியோஃப்திரியஸ் என்ற ஒரு செல் ஒட்டுண்ணி. கடையில் கொடுத்த நீல மருந்தை, பாட்டிலில் போட்டிருந்தபடி மூன்று நாள் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் கழித்து, சென்னை கொளத்தூரில் மீன் வியாபாரம் செய்யும் அண்ணன் ஒருவருக்குப் போன் போட்டேன்.

"மருந்தெல்லாம் அப்புறம் தம்பி. தண்ணி எத்தனை டிகிரி?"

என்னிடம் தெர்மாமீட்டரே இல்லை. பக்கத்துக் கடையில் வாங்கிவந்து போட்டுப் பார்த்தால் 17.

"அந்தக் குளிர்ல அது மீன் தோலுக்குள்ள பத்திரமா உட்கார்ந்திருக்கும் தம்பி. உன் மருந்து அதைத் தொடவே தொடாது."

அவர் சொன்னதுதான் இந்த நோயின் சூட்சுமமே. நாம் பார்க்கிற புள்ளிக்குள் இருக்கும் ஒட்டுண்ணியை மருந்து ஒன்றும் செய்யாது. அது தின்று கொழுத்து, மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியில் கூடு கட்டி, நூற்றுக்கணக்கில் பிரிந்து குஞ்சுகளாக நீந்தி வரும். அந்தக் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பிடிக்காவிட்டால் செத்துப்போகும். மருந்தோ உப்போ வேலை செய்வது அந்த நீந்துகிற நேரத்தில் மட்டும்தான். இந்தச் சுற்று முழுவதும் 25 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடியும், 15 டிகிரியில் இரண்டு வாரம் வரை இழுக்கும், 10 டிகிரியில் ஒரு மாதத்துக்கும் மேல். நான் ஊற்றிய மூன்று நாளில் என் தொட்டியில் பாதிச் சுற்றுகூட ஆகியிருக்காது. பாட்டிலில் எழுதியிருப்பது கீழே இருப்பவர்களின் தண்ணீருக்கு.

அப்படித்தான் இந்த ஹீட்டர் வந்தது. 650 ரூபாய், கண்ணாடிக் குழாய், தண்ணீருக்குள் முழுக்க முங்கும் வகை. கடையில் 50 வாட் போதும் என்றார்கள். லிட்டருக்கு ஒரு வாட் என்பது சமவெளிக் கணக்கு. டிசம்பர் ராத்திரியில் என் அறையே 12 டிகிரிக்கு வந்துவிடும், அதிலிருந்து 30-க்குத் தூக்க லிட்டருக்கு இரண்டு வாட்டாவது வேண்டும். 100 வாட் எடுத்தது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம், நாள் முழுக்க அணையாமல் ஓடினாலும் 2.4 யூனிட்தான்.

சூட்டை ஒரே நாளில் ஏற்றவில்லை. நாளைக்கு இரண்டு டிகிரி, அதற்கு மேல் போகவில்லை. 30-ஐத் தொட ஒரு வாரம் ஆனது. இடையில், 24, 25 ஆனபோது, புள்ளி குறையாமல் கூடிவிட்டது, நான் பயந்தே போனேன். சூட்டில் ஒட்டுண்ணியின் சுற்றும் வேகமாகிறது, அவ்வளவுதான். இந்த இடத்தில் பயந்து ஹீட்டரைப் பிடுங்கிவிடாதீர்கள். 30 டிகிரி பக்கம் போனால் அதனால் பெருக முடியாது. சில வகை அந்தச் சூட்டையும் தாங்கும் என்பதால் கல் உப்பும் சேர்த்தேன்: லிட்டருக்கு 2 கிராம், மொத்தம் 90 கிராம், சமையலறைத் தராசில் நிறுத்து, தனியாகக் கரைத்து, மூன்று தவணையாக. உப்பு ஆவியாகாது, அதனால் மாற்றிய தண்ணீருக்கு மட்டும்தான் திரும்பப் போட வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அடிமணலோடு சேர்த்து சைபன் வைத்து 10 லிட்டர் எடுத்தேன். கூடு கட்டி உட்கார்ந்திருப்பது அங்கேதான். புதுத் தண்ணீரில் வெந்நீர் கலந்து, அதே சூட்டுக்குக் கொண்டுவந்து, 20 கிராம் உப்பு போட்டு ஊற்றினேன்.

மலைக்காரர்கள் மறக்கக்கூடாதது காற்று. கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரம், இங்கே காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு, ஆக 30 டிகிரியில் 6 மில்லிகிராம் அளவுக்குத்தான் கிடைக்கும். செவுளிலும் புள்ளி இருக்கிற மீனுக்கு அது போதாது. ஏர் பம்பை ராத்திரி பகல் ஓட விட்டும், 29 டிகிரியில் புது மோலி ஒன்று தண்ணீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியபடியே இறந்தது. ஏர் பம்ப் குழாயின் முனையில் மாட்டுகிற காற்றுக்கல்லில் இரண்டாவதை நான் ஒரு நாள் முன்னாலேயே போட்டிருக்கலாம்.

ஹீட்டரில் குறைகள் உண்டு. திருகில் 30 என்று வைத்தால் தண்ணீர் 27-இல் நின்றுவிடுகிறது, 33 வைத்தால்தான் 30 வருகிறது. தனித் தெர்மாமீட்டர் இல்லாமல் இதை நம்பவே கூடாது. ஒட்டிக்கொள்ளும் ரப்பர் இரண்டே மாதத்தில் விறைத்து, ஹீட்டர் கழன்று மணலில் சாய்ந்து கிடந்தது. வேறு ரப்பர் வாங்கி மாட்டினேன். தண்ணீர் மாற்றும் முன் சுவிட்சை அணைத்துக் கால் மணி நேரம் ஆறவிட வேண்டும், சூடாக இருக்கும் கண்ணாடி வெளியே வந்தால் விரிசல் விட்டுவிடும். சுவிட்ச் அணைக்காமல் தொட்டிக்குள் கை வைக்கவே வைக்காதீர்கள், பிளக்கும் இரண்டு முனைதான், எர்த் கிடையாது.

காற்றும் மழையுமாக இருந்த ஒரு ராத்திரி மரம் விழுந்து ஐந்து மணி நேரம் கரண்ட் இல்லை. அம்மா தன் பழைய கம்பளியை எடுத்துவந்து தொட்டியைச் சுற்றிக் கட்டினார், மேலே மட்டும் திறந்து வைத்தோம். பேட்டரி ஏர் பம்ப் ஓடியது. காலையில் பார்த்தால் மூன்று டிகிரிதான் இறங்கியிருந்தது.

30-ஐத் தொட்ட நாலாம் நாள் கடைசிப் புள்ளி உதிர்ந்தது. அதற்குப் பிறகும் பத்து நாள் அப்படியே வைத்திருந்து, அப்புறம்தான் மெல்ல 26-க்கு இறக்கினேன். நீல மருந்தை மறுபடி எடுக்கவே இல்லை. ஐந்து மீனும் தப்பின.

கோல்டு ஃபிஷ் மட்டும் வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம், அதற்கு நம் ஊர்க் குளிர் சரி, 30 டிகிரிதான் ஆகாது. நோய் வந்தால் உப்பையும் மருந்தையும் வாரக்கணக்கில் தொடர வேண்டியதுதான். மோலி, கப்பி, ஏஞ்சல் வைத்திருப்பவர்கள் நோய் வரும்வரை காத்திருக்காமல் அக்டோபரிலேயே வாங்கி, முதலில் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி போட்டு, திருகு எத்தனை டிகிரி பொய் சொல்கிறது என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.