அப்பா புல்லட்டுக்கு அலுமினிய மட்கார்டு

அப்பாவின் புல்லட்டுக்கு அலுமினிய மட்கார்டு மாட்டி, வேலை முடிந்தது என்று பட்டறையில் வண்டியைக் கொடுத்தார்கள். தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கியதுமே பின் டயர் மட்கார்டில் சர்ரென்று உரசியது. திரும்பிப் போய்க் கேட்டால், "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்கிறார்கள். டயர் அலுமினியத்தைத் தேய்ப்பது எப்படி செட் ஆகும்? கனடாவிலிருந்து இத்தனை வருடம் கழித்து வந்தாலும் இந்தப் பதில் மட்டும் மாறவே இல்லை. ஆத்திரமாக வந்தது.

வண்டி 1986 மாடல், திருவொற்றியூரில் செய்தது. தகர மட்கார்டின் ஓரமெல்லாம் துரு. பஃபிங் போட்டுப் பளபளப்பாக்கிய அலுமினியம் மாட்டினால் அந்தக் காலத்து வண்டி போலவே இருக்கும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அப்புறம் நண்பன் ஒருவன் புதுப்பேட்டையில் ஒரு பெரியவரிடம் கூட்டிப் போனான். அவர் போல்ட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தம்பி, இரும்புன்னு நெனச்சு முறுக்கியிருக்காங்க. இது அலுமினியம், மிருதுவான சாமான். புல்லட் அதிர்ற அதிர்வுக்குத் துளையிலேருந்தே விரிசல் விட்டுடும்" என்றார். எல்லாவற்றையும் கழற்றினார். துளைகளின் பிசிறை அரத்தால் ராவினார். இரண்டு பக்கமும் ரப்பர், அதன்மேல் அகலமான வாஷர். என்னையும் நண்பனையும் சீட்டில் உட்கார்ந்து அமுக்கச் சொல்லி, டயருக்கு மேலே விரலை விட்டு இடைவெளி பார்த்த பிறகுதான் மட்கார்டைத் தாங்கும் ஸ்டே கம்பிக்குப் புதுத் துளை குறித்தார். முந்தைய பட்டறை போட்ட துளைகள் அப்படியே இருக்கின்றன. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

மாட்டி முடித்ததும் டெயில் லைட் எரியவில்லை. எனக்குத் திக்கென்றது. "ரப்பர் போட்டோம்ல, எர்த் போயிடுச்சு, கரண்ட் ஃபிரேமுக்குத் திரும்புற வழி அடைஞ்சுடுச்சு" என்று சொல்லி, லைட்டிலிருந்து ஃபிரேமுக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்தார். பளிச்சென்று எரிந்தது.

கனடாவில் நான் வண்டியை சர்வீஸுக்கு விடும் இடத்தில் ஒழுங்குக்குக் குறைவில்லை. உரசும் வண்டியை யாரும் கையில் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பட்டறைக்குள் கால் வைக்க முடியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பில்லுக்குக் காத்திருக்க வேண்டும். இங்கே பக்கத்திலேயே குந்தி, ஒவ்வொரு வாஷரும் எதற்கு என்று கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பெரியவர் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. முன் மட்கார்டையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டேன்.